வளவு வீட்டில் குடியேறப் போகிறோம், அங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்

முற்றத்துமழை:

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சிதான் எங்கள் ஊர். நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார். அப்பச்சி (அப்பா) தவறி இரண்டு வருஷம் ஆகிறது. ஆத்தாவுக்கு எழுபத்தொரு வயது. இப்போது கோயம்புத்தூரில் என்னோடு மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். மின்தூக்கி நின்றால் வீட்டுக்குள்ளேயே சிறை. "ஊருக்குப் போயிருவமா?" என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலைதான்.

வீடு கிழக்கு வாசல். முகப்பு, பட்டாலை என்கிற கூடம், முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அப்பச்சியின் ஐயா 1920களில் பர்மாவின் மோல்மீனில் இருந்தபோது கட்டியது. இப்போது பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குச் சொந்தம். எங்களுக்கு வளவில் ஓர் இரட்டை வீடும் (ஒன்றுக்குள் ஒன்றான இரண்டு அறை) மேலே ஓர் அறையும். கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும் திறப்பதோடு சரி. மற்ற நாளில் வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து கூட்டிவிட்டுப் போவார்.

நான் ஒரே பெண். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் கணவரும் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. பங்காளிகளில் ஒருவர், "பொம்பளைப் பிள்ளை வந்து அப்பன் வீட்ல குடியிருக்கிறது நம்மள்ல ஏது? அப்பவே ஒரு பிள்ளை கூட்டியிருக்கலாம்ல?" என்று தொலைபேசியில் கேட்டார். பிள்ளை கூட்டுவது என்றால் எங்களில் தத்து எடுப்பது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

கேள்விகள் நிறைய. ஓடு ஒழுகுகிறது. கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. அத்தனை பெரிய வீட்டில் இரண்டு பெண்கள் தனியாக இருக்க முடியுமா? இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

வா ஆத்தா. முடியுமான்னு கேட்டியே, நான் பத்தொம்பது வருஷமா ஒண்டியா இருக்கேன். துணைக்கு ஒரு பிள்ளை ராத்திரி வந்து படுத்துக்கிரும்.

முதல் விசயம், முழு வீட்லயும் இருக்கணும்னு நினைக்காத. அதை நினைச்சாலே மலைப்பு வந்துரும். வளவுல உங்க இரட்டை வீடு, அதுக்கு நேரா உள்ள பத்தித் தாழ்வாரம், அடுப்படி, இம்புட்டுத்தான் உனக்கு வீடு. பாக்கியெல்லாம் பூட்டிக் கெடக்கட்டும். ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை எல்லாக் கதவையும் திறந்து வெயிலும் காத்தும் விடணும். பூட்டின அறையில வவ்வால் அடைஞ்சா அந்த நாத்தம் ஒரு வருஷத்துக்குப் போகாது. எங்க வீட்ல மேல்மாடியில அடைஞ்சு, அந்த எச்சம் பட்டு மரக்கதவே வெளுத்துப்போச்சு.

கழிப்பறை. இதுல வெக்கப்படவேண்டியதில்லை. அந்தக் காலத்துல ராத்திரி கைவிளக்கை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனாக. எழுபத்தோரு வயசுல ஆத்தாவை அம்புட்டுத் தூரம் நடக்கவிடாத. இரண்டாங்கட்டுப் பத்தியில ஒரு ஓரமா கட்டிக்க. அதுக்குப் பங்காளிகள்கிட்டச் சொல்லிட்டுக் கட்டு. நான் சொல்லாமக் கட்டி, என் கொழுந்தன் மக்கள் நாலு வருஷம் பேசாம இருந்தாக. நான் செஞ்சது தப்புத்தான். பொதுப் பத்தியில நாமளா கைவைக்கக் கூடாது.

பயம் ஒண்ணும் இல்லை. முற்றத்துக்கு மேல கம்பி வலை இருக்கான்னு பாரு. முகப்புக் கதவைவிடப் பின்வாசக் கதவுதான் பலமா இருக்கணும்.

அந்தப் பங்காளி சொன்னதை மனசுல வச்சுக்காத. உங்க அப்பச்சி பொறந்த வீடு அது.

கொத்தனார்மகன்:

அக்கா, எங்க அப்பா அம்பது வருஷமா இந்தப் பக்கத்து வீடுகள்ல சுண்ணாம்பு வேலை பார்த்தவர். இப்ப கை நடுங்குது, வேலைக்குப் போறதில்லை. நான் அவர்கிட்டக் கேட்டுத்தான் எழுதுறேன்.

அவர் சொன்ன முதல் வார்த்தை: "கூரையைப் பாருடா, தரையைப் பாக்காதே." வர்றவங்க எல்லாரும் தரைக்கல்லுக்கு மெருகு போடணும், சுவத்துக்கு வர்ணம் அடிக்கணும்னு ஆரம்பிப்பாங்க. ஓடு ஒரு இடத்துல நகர்ந்திருக்கும். அதுவழியாத் தண்ணி ஓட்டைத் தாங்குற வரிச்சுல இறங்கும், வரிச்சுலருந்து கூரைச் சட்டமான கைமரத்துக்கு, அங்கருந்து சுவத்துக்கு. பர்மாத் தேக்கு அவ்வளவு சீக்கிரம் மக்காது, ஆனா கைமரம் சுவத்துல உட்கார்ற எடம் ஈரமாவே இருந்தா அங்கதான் கரையான் ஏறும். மரத்தோட நடுவைத் தட்டிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, முனையைத் தட்டிப் பாருங்க. பொத்துனு சத்தம் வந்தா உள்ள ஒண்ணும் இல்லைனு அர்த்தம்.

ரெண்டாவது கைப்பிடிச்சுவர்ல அரசங்கன்னு, ஆலங்கன்னு. காக்கா எச்சத்துல மொளைக்கிறது. மேல வெட்டிவிட்டா வேர் உள்ள பருத்துக்கிட்டே போகும். வேரோட எடுத்துட்டுச் சுண்ணாம்பை வச்சு அடைக்கணும்.

மூணாவது, இது ரொம்ப முக்கியம். பழைய சுவத்துல சிமெண்ட் பூசவே பூசாதீங்க. அந்தச் சுவர் சுண்ணாம்புல கட்டினது. உள்ள இருக்கிற ஈரத்தை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். மேல சிமெண்டைப் பூசிட்டா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்புப் பூத்து, பக்கத்துல நல்லா இருக்கிற பழைய பூச்சையும் சேர்த்துத் தள்ளிரும். எங்க ஊர்ல ஒரு வீட்ல முகப்புச் சுவர் முழுக்க அப்படிப் போச்சு. "வேகமா முடிச்சுத் தர்றேன்"னு சொன்ன ஆள் செஞ்ச வேலை.

உள்சுவர் பளிங்கு மாதிரி மின்னுதுல்ல, அது பல அடுக்குப் பூச்சு. முதல்ல சுண்ணாம்பும் மணலும், மேல போகப்போக நைசாகிக்கிட்டே வரும். சாந்துல கடுக்காய் ஊறவச்ச தண்ணியும் வெல்லத் தண்ணியும் சேர்ப்பாங்க. கடைசி அடுக்குக்கு முட்டை வெள்ளைக்கரு. அப்புறம் வழவழப்பான கல்லால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். "தேய்க்கிறப்ப உன் மொகம் தெரியணும், அதுவரைக்கும் எந்திரிக்கக் கூடாது"ன்னு எங்க தாத்தா சொல்வாராம். இப்ப அதைச் செய்யத் தெரிஞ்ச கை ரொம்பக் கொறைச்சல். அதனால இருக்கிற பூச்சைச் சுரண்டாம, மேல வர்ணம் அடிக்காம, ஈரத்துணியால தொடச்சு மட்டும் வச்சுக்கங்க.

முற்றத்துமழை:

தம்பி, இதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆச்சி, நீங்கள் எழுதியதை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "தேவகோட்டையில எந்த வீடுன்னு கேளு, நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பேன்" என்கிறார்கள்.

குமாஸ்தா:

நான் முப்பது வருஷம் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். பாகப்பிரிவினை வழக்குகளோடுதான் என் காலம் போனது. உங்கள் பங்காளி கேட்ட கேள்விக்குச் சட்டப்படி பதில் எழுதுகிறேன். மனசுக்கு ஆறுதல் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பூர்வீகச் சொத்தில் பெண்ணும் ஆணைப் போலவே பங்காளி என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்பு கல்யாணம் ஆகிப்போன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. 2005ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று ஒரு குழப்பம் இருந்தது. இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தகப்பனார் தவறி இரண்டே வருஷம் என்பதால் உங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. உங்கள் தாயாரும் வாரிசு.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை அவள் பாகம் கேட்க முடியாமல் இருந்தது. அதே 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. எத்தனையோ ஆச்சிமார்கள் அந்தப் பிரிவால் திண்ணையோடு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பிரிக்காத குடும்ப வீட்டில் யாரோ ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டால், வாங்கியவர் உள்ளே வந்து உங்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை கோர முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவு. அவர் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போனால், அந்தப் பங்கை மதிப்புப் போட்டு நீங்களே வாங்கிக்கொள்ள 1893 பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வீட்டைக் காப்பாற்ற இந்த இரண்டும் பெரிய துணை.

ஆனால் வழக்குக்குப் போகாதீர்கள். பதினோரு புள்ளி என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் முப்பதுக்கும் மேல் இருப்பார்கள். ஒருவர் தவறினால் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், அதற்குள் இன்னொருவர் தவறுவார். வழக்கு முடியுமுன் வீடு முடிந்துவிடும். பெரியவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: "இன்னார் தம் பங்கில் குடியிருக்கவும், பொதுக் கூரையைப் பழுதுபார்க்கவும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை." அது போதும். வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பழுதுபார்த்த செலவுக்கும் கணக்கு எழுதுங்கள்.

ஈப்போவாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு இப்போது இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கையெழுத்துப் போடாத வெளிநாட்டுப் பங்காளி என்று எல்லோரும் திட்டுவார்களே, அது நான். 2009ல் ஊரிலிருந்து தாள் வந்தது. கூரைக்குப் பணம் போட வேண்டும், சம்மதம் வேண்டும். எனக்கு அந்த வீட்டில் மூன்று நாள் தங்கிய ஞாபகம்தான் இருந்தது, அதுவும் பத்து வயதில். அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். என்னைப் போல இன்னும் நாலு பேர் வைத்துவிட்டோம். இரண்டு கட்டுக் கூரை விழுந்தபின் விற்பதற்கு மட்டும் எல்லோரும் உடனே கையெழுத்துப் போட்டோம்.

வாங்கியவர் இடத்துக்காக வாங்கவில்லை, மரத்துக்காக வாங்கினார். தூண், நிலை, கதவு, உத்தரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருமுறை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நடந்தேன். ஒரு கடை வாசலில் கஜலட்சுமி செதுக்கிய நிலை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. எங்கள் வீட்டுடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டு நிலையை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதுதான் அன்றைக்கு என்னை அழவைத்தது.

இந்த வீடுகள் ஏன் இப்படி ஆயின என்று ஊரில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. கொண்டுவிக்கப் போன, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன பணத்தில் கட்டியவை. பர்மாவில் நம்மவர்கள் வட்டிக்குக் கொடுத்தார்கள். 1930களில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் நம்மவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம். 1938ல் 25 பங்கு. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் நினைக்கத்தான் வேண்டும். 1942ல் ஜப்பான்காரன் வந்தான், கால்நடையாக வந்தவர்கள் எத்தனை பேர். 1948ல் பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. வருமானம் போய்விட்டது, வீடு மட்டும் நின்றது. இத்தனை பெரிய வீட்டைப் பராமரிக்கிற பணம் ஒருபோதும் இந்த மண்ணிலிருந்து வந்ததில்லை.

தங்கச்சி, வெளிநாட்டில் இருக்கிற உங்கள் பங்காளிகளுக்குத் தாளை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டின் படத்தை அனுப்புங்கள். அவர்கள் ஐயாவின் படம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று காட்டுங்கள். எனக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் போட்டிருப்பேன்.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, படிச்சிட்டுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இப்பவும் கோயில் புள்ளியில உங்க பேர் இருக்கும். ஊருக்கு வந்தா எங்க வீட்ல வந்து தங்குங்க.

பயணப்பெட்டி:

மாற்றுக் கருத்து ஒன்று. வீட்டை மரபு விடுதி நடத்துபவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தால் என்ன? கானாடுகாத்தானில் அப்படி மீண்ட வீடுகள் இருக்கின்றன. கூரையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஊர்ப்பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, வெளிநாட்டினர் வருகிறார்கள். இரண்டு பெண்கள் சொந்தச் சேமிப்பைக் கொட்டிப் பதினோரு பேருடைய கூரையைத் தூக்கி நிறுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை.

தேவகோட்டை ஆச்சி:

கொடுத்தவகளை நான் குறை சொல்லலை. இடிஞ்சு போறதுக்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனா சாமி வீடு என்ன ஆகும்? படைப்பு எங்க வைப்பாக? நம்மள்ல பிள்ளை எங்க பொறந்தாலும் கல்யாணம் அந்த வளவுலதான. கொடுக்கிறதுன்னா வருஷத்துல இன்ன இன்ன நாள் வீடு நமக்கு வேணும், சாமி வீட்டுச் சாவி நம்மகிட்ட இருக்கணும்னு எழுதி வாங்கிக்கிட்டுக் கொடுக்கணும்.

மேலத்தெரு:

ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு எழுதுறேன். இந்த இழையில எல்லாரும் வீட்டைப் பத்திப் பேசுறீங்க. நான் தெருவைப் பத்திப் பேசணும்.

நான் நகரத்தார் இல்லை. எங்க அப்பாயி இதே மாதிரி ஒரு வீட்ல நாப்பது வருஷம் வேலை பார்த்தாங்க. மாவு இடிக்கிறது, நெல் அவிக்கிறது, வடகம் போடுறது. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். பின்வாசல் வழியாத்தான். மூணாங்கட்டுக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. முகப்புலருந்து பார்த்தா பின்வாசல்வரைக்கும் ஒரே நேரா தெரியும்னு எல்லாரும் பெருமையாச் சொல்வாங்க. நான் அதைப் பின்வாசல்லருந்து பார்த்திருக்கேன். தூரத்துல ஒரு சின்னச் சதுரமா வெளிச்சம், அதுல யாரோ நடந்து போவாங்க. எனக்கு அந்த வீடுன்னா அதுதான் ஞாபகம்.

முப்பத்தெட்டு வயசுல போன வருஷம் ஒரு வீட்டைச் சுத்திப் பார்க்கக் காசு கொடுத்து முன்வாசல் வழியா நுழைஞ்சேன். எங்க அப்பாயி உட்கார்ந்து வேலை பார்த்த மாதிரியே ஒரு பத்தி. கூட வந்தவர் தூணைப் பத்திச் சொன்னார், இத்தாலிப் பளிங்கைப் பத்திச் சொன்னார், பெல்ஜியம் கண்ணாடியைப் பத்திச் சொன்னார். அம்மியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

கோபத்துல எழுதலை. அந்த ஆச்சிதான் எங்க அப்பாவைப் படிக்க வச்சாங்க. அதையும் எங்க வீட்ல தினமும் சொல்லித்தான் வளர்த்தாங்க. ஆனா ஒரு தெருவுல பத்து வீடு பூட்டிக் கெடந்தா, அதுல பொழைச்ச அம்பது குடும்பமும் போயிரும். எங்க தெருவுல தச்சாசாரி வீடு ரெண்டு இருந்துச்சு, இப்ப இல்லை. ஊர்ல பால் ஊத்துறவர் நடை கொறைஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கொறைச்சல். ஊருணிக்கு மழைத்தண்ணி வர்ற வாய்க்கால்ல குப்பை அடைச்சிருக்கு. பெரிய வீட்டு ஓட்டுத் தண்ணி முற்றத்துல விழுந்து, அங்கருந்து தெரு வாய்க்காலுக்கு வந்து, ஊருணிக்குப் போகணும். வீட்ல ஆள் இல்லாததால வாய்க்காலைக் கேக்க ஆள் இல்லை.

முற்றத்துமழை அக்கா, நீங்க வந்தீங்கன்னா ஒரு வீட்ல வெளக்கு எரியும். எங்களுக்கும் அது வேணும். வர்றப்ப எங்க தெருவுலயும் வந்து நில்லுங்க, அவ்வளவுதான்.

முற்றத்துமழை:

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். எங்கள் வீட்டிலும் இரண்டாங்கட்டில் வேலை பார்த்த ஒருவர் என்னைத் தூக்கி வளர்த்தார். அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் என்பது நினைவிருக்கிறது, அவர் வீடு எந்தத் தெருவில் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆத்தாவிடம் கேட்டேன். உங்கள் மேலத்தெருவைப் போல எங்கள் ஊரிலும் ஒரு தெரு சொன்னார்கள். முதலில் அங்கேதான் போவேன்.

தேவகோட்டை ஆச்சி:

மேலத்தெருத் தம்பி, நீங்க சொன்னது எங்க வீட்டுக்கும் பொருந்தும். நானும் மறைச்சுப் பேசக் கூடாது. என் மாமியார் காலத்துல வேலைக்கு வந்தவகளுக்குத் தனி டம்ளர் இருந்துச்சு. நான் எடுத்துப் போட்டேன், அதுக்கு வீட்ல பேச்சு வாங்கினேன். ஆனா எடுத்துப்போட எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு.

ராத்திரி எனக்குத் துணைக்கு வர்ற பிள்ளையும் எங்க பின்தெருதான். அது முகப்பு வழியாத்தான் வரும், முகப்பு வழியாத்தான் போகும்.

வாடகைக்கு இருப்பவன்:

நான் காரைக்குடியில் ஆசிரியர். பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டின் முகப்புப் பகுதியில் ஐந்து வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். நடைமுறை விஷயங்கள் சில.

வீட்டிலிருந்து வேலை என்றீர்களே, சுவர் அவ்வளவு தடிமன். முகப்பில் வைஃபை பெட்டி வைத்தால் வளவுக்குள் வராது. கம்பியை உள்ளேவரை இழுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பெரும்பாலும் தாத்தா பெயரில் ஒரே இணைப்பாக இருக்கும். பழைய கம்பியில் குளிர்சாதனம் மாட்டாதீர்கள், அது தேவைப்படவும் செய்யாது. சித்திரை வெயிலில் வெளியே நிற்க முடியாத மத்தியானத்தில் வளவுக்குள் வெறுந்தரையில் படுத்தால் முதுகு குளிரும். முற்றத்தின் வழியாகச் சூடு மேலே ஏறிப் போய்விடுகிறது.

தரை ஆத்தங்குடிக் கல்லா? அப்படியானால் அமிலம் கலந்த எந்தக் கழுவியும் ஊற்றாதீர்கள். அது சுட்ட கல் இல்லை. கண்ணாடிமேல் வர்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. கண்ணாடியின் வழவழப்புத்தான் அதன் பளபளப்பு. நடக்க நடக்க மெருகேறும். பூட்டிக் கிடந்தால் மங்கும். வாரத்துக்கு ஒருமுறை துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் வயதானவர்கள் நடக்கும் பாதையில் எண்ணெய் வேண்டாம்.

மருத்துவத்துக்குக் காரைக்குடி. சென்னைக்குப் பல்லவன் ரயில் காரைக்குடியிலிருந்தே புறப்படுகிறது. ஆத்தாவுக்கு இரவில் உடம்புக்கு வந்தால் யார் வண்டி எடுப்பார் என்பதை மட்டும் போன முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனிமை உண்டு. மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் தெருவில் பதினாறு வீட்டில் மூன்றில்தான் விளக்கு எரியும். முதல் மாதம் என் மனைவி அழுதாள். இப்போது எங்களை மாற்றச் சொன்னால் மாறமாட்டாள்.

முற்றத்துமழை (ஐந்து மாதம் கழித்து):

சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கார்த்திகையில் வந்துவிட்டோம்.

ஈப்போ அண்ணன் சொன்னபடி தாளோடு படங்களை அனுப்பினேன். பதினோரு புள்ளியில் எட்டுப் பேர் பத்து நாளில் எழுதிக் கொடுத்தார்கள். இருவர் கூரைக்குப் பணமும் போட்டார்கள். என்னைக் கேள்வி கேட்ட பங்காளிக்கு அவருடைய அப்பத்தா சாமி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற பழைய படத்தைப் பெட்டகத்திலிருந்து எடுத்து அனுப்பியிருந்தேன். ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் நேரில் வந்தார். "இந்தப் படம் இங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பின்வாசலுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் இருவர் பதில் தரவில்லை. பொதுக் கட்டில் கைவைக்காமல், கழிப்பறையை எங்கள் இரட்டை வீட்டின் உள்ளறையிலேயே கட்டிக்கொண்டோம்.

ஐப்பசி மழைக்கு முன்பு வளவின் மேற்குக் கூரையை மட்டும் ஓடு மாற்றிப் போட்டோம். கொத்தனார்மகன் தம்பியின் அப்பா காரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலையைப் பார்த்தார். முனை மக்கிய கைமரம் ஏழு. அவர் எந்திரிக்காமலே சத்தத்தை வைத்துச் சொன்னார், இறக்கிப் பார்த்தால் ஏழும் சரி. மழை வந்த அன்று இரவு நானும் ஆத்தாவும் தூங்கவே இல்லை. முற்றத்தின் நாலு பக்கமும் தண்ணீர் கொட்டியது. ஆத்தா அண்டாக்களை இழுத்து வைத்துப் பிடித்தார்கள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷம் பிடித்ததாம்.

பின்தெருவுக்கு முதல் நாளே போனேன். என்னைத் தூக்கி வளர்த்தவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் மகள் இருக்கிறார். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பிள்ளையார் நோன்பு அன்று அவரைக் கூப்பிட்டேன். முன்வாசல் வழியாக வந்து, பட்டாலையில் கொஞ்ச நேரம் நின்று தூணைத் தொட்டுப் பார்த்தார். நோன்புத் திரியான இழையை எடுத்து முடிந்ததும் ஆத்தா அவரை அடுப்படிக்குக் கூட்டிப் போய், "உங்க அம்மா கைப்பக்குவம் எனக்கு இன்னைக்கும் வரலை" என்று சொல்லி, கந்தரப்பத்தை அவரையே ஊற்றச் சொன்னார்கள். இருவரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வளவுக்கு வந்துவிட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். கிழக்குக் கூரைமேல் மயில்கள் வந்து இறங்குகின்றன. நேற்று மட்டும் நாலு ஓடு சரிந்திருக்கிறது. விரட்டவும் மனமில்லை. ஆச்சி, தம்பி, என்ன செய்யலாம்?

தேவகோட்டை ஆச்சி:

மயிலை ஒண்ணும் செய்யாத. வெள்ளென எந்திரிச்சு முற்றத்துல ரெண்டு பாத்திரத்தைத் தட்டு, பறந்துரும். ஓட்டை அன்னன்னைக்கே நகட்டி வச்சிரணும், நாளைக்குன்னு விட்டுராத.

கொத்தனார்மகன்:

அக்கா, ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அப்பாவும் வர்றேங்கிறார். ஒத்தை ஏணி பத்தாது, வீட்ல கல்யாணக் கொட்டகைக்குப் போடுற மூங்கில் ஏணி இருக்கும், இரண்டாங்கட்டு மச்சுல பாருங்க.

முற்றத்துமழை:

இருக்கிறது. ஆத்தா எடுத்து வைத்துவிட்டார்கள்.